சாய்ந்திருந்த தோள் விலகியபோது

அகத்தியர் மலையில் தோன்றும் நெய்யாறு மேற்கே இறங்கி, நெய்யாற்றின்கரை வழியாய்ச் சென்று, பூவாற்றில் கடலோடு கலக்கிறது. 1958-ஆம் ஆண்டில் அதன் குறுக்கே அணை எழும்பிற்று. ஒற்றசேகரமங்கலம் தொடங்கித் தெற்கே பாறசாலை வரையுள்ள சிற்றூர்களில் மலையாளமும் தமிழும் ஒரே வீட்டு முற்றத்தில் பேசப்படுவதுண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. அடுத்திருந்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அணையின் இடதுகரைக் கால்வாயோ அந்த எல்லையைக் கடந்து சென்று விளவங்கோட்டின் வயல்களுக்குப் பாய்ந்தது. அங்கே 9,200 ஏக்கர் நிலம் அந்தத் தண்ணீரை நம்பியிருந்தது.

2004-ஆம் ஆண்டில் தண்ணீர் நின்றது. அரசுகள் பேசிப் பார்த்தன. 2012-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே ஆராயவேண்டிய காரியமன்று. கடைமடையில் நின்ற விவசாயியின் நிலையை மட்டும் எண்ணிப்பார்க்கலாம். அவருடைய நிலத்தில் குறையில்லை, விதையில் குறையில்லை, மலையில் மழையும் பெய்தது. ஆனாலும் அவருடைய பயிரின் உயிர், அவர் ஒருநாளும் காணாத ஒரு கையில், ஒரு மதகில் இருந்தது.

தீர்க்கதரிசியாகிய எரேமியா தம்முடைய புஸ்தகத்தின் 17-ஆம் அதிகாரத்தில் இரண்டு மரங்களைக் காட்டுகிறார். ஒன்று வனாந்தரத்தின் வறண்ட உவர்நிலத்தில் நிற்கும் குறுஞ்செடி. அது மனுஷனைத் தன் பலமாக எண்ணி, இருதயத்தில் கர்த்தரை விட்டு விலகினவனுக்கு ஒப்பனை. மற்றொன்று தண்ணீரண்டையில் வேர்விட்ட மரம். அது கர்த்தரையே தன் நம்பிக்கையாகக் கொண்டவனுக்கு ஒப்பனை. இந்தப் பகுதியைப் பலமுறை வாசித்தவர்களும் கவனியாமல் கடந்துபோகிற இரண்டு காரியங்கள் இதில் உண்டு. முதலாவது, வெயில் இரண்டு மரங்களுக்கும் வருகிறது. மழைத்தாழ்ச்சியான வருஷம் நல்ல மரத்தையும் விட்டுவைப்பதில்லை. அந்த வருஷத்தில் அது கலங்காமல் இருக்கிறது என்பதே வித்தியாசம். இரண்டாவது, குறுஞ்செடிக்கும் நன்மை வருகிறது. வரும்போது அது அதைக் காண்பதில்லை என்பதுதான் எரேமியாவின் துக்கம். ஒரு குறிப்பிட்ட வழியாக, ஒரு குறிப்பிட்ட மனுஷன் மூலமாக மட்டுமே உதவி வரும் என்று காத்திருக்கிறவனுக்கு, வேறு வழியாய் வந்து நிற்கும் நன்மை கண்ணுக்குத் தெரிவதில்லை.

எரேமியா இதை மரங்களுக்காகப் பாடவில்லை. யூதாவின் ராஜாக்கள் பாபிலோனுக்குப் பயந்து எகிப்தின் குதிரைகளை நோக்கிக்கொண்டிருந்த காலம் அது. சிதேக்கியாவின் நாட்களில் எகிப்தின் சேனை உண்மையாகவே புறப்பட்டு வந்தது. அந்தச் செய்தியைக் கேட்டுப் பாபிலோனியர் முற்றுகையைச் சற்று விலக்கியும் போனார்கள். எருசலேமில் மகிழ்ச்சி உண்டாயிருக்கும். எரேமியா ஒருவரே, அந்தச் சேனை தன் தேசத்துக்குத் திரும்பிப்போய்விடும் என்று சொன்னார். அப்படியே ஆயிற்று. மனுஷ உதவி எப்போதும் வராமற்போவதில்லை. சிலவேளை வருகிறது, வந்து கொஞ்சநாள் நிற்கிறது. ஆபத்து அங்கேதான் அதிகம். வராத உதவியை யாரும் நீண்டகாலம் நம்பிக்கொண்டிருப்பதில்லை.

தென் திருவிதாங்கூர்ச் சபையின் தொடக்க நாட்களிலேயே இந்தப் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர், ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்தவர், தீர்த்த யாத்திரையாக வடக்கே சென்ற இடத்தில், தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். அவர் பேச்சைக் கேட்டு ஒரு சிறு கூட்டம் உண்டானது, எதிர்ப்பும் உண்டானது. தங்களுக்கு ஒரு மிஷனெரி வேண்டும் என்று அவர்கள் ஏங்கினார்கள். லண்டன் மிஷனெரி சங்கத்தால் அனுப்பப்பட்டு 1804-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபேயிடம் அந்த அழைப்பு வந்து சேர்ந்தது. 1806-இல் அவர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். பிரிட்டிஷ் ரெசிடெண்டாயிருந்த கர்னல் மெக்காலேயின் தயவால் அவருக்கு அனுமதி கிடைத்தது. 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழும்பிற்று.

ரிங்கல்தௌபே ஒரு விசித்திரமான மனிதர். குடிசையில் வாழ்ந்தார், நல்ல அங்கி ஒன்றும் அவரிடத்தில் இருந்ததில்லை, சம்பளம் கைக்கு வந்தவுடன் அதன் பெரும்பகுதியைப் பிறருக்குக் கொடுத்துவிடுவார். ஊழியத்தில் அவர் ஒரு காரியத்தைக் குறித்து மிகவும் எச்சரிக்கையாயிருந்தார். தலைவரியிலிருந்தும் கூலியில்லா வேலையிலிருந்தும் வழக்குகளிலிருந்தும் வெள்ளைக்காரர் தங்களைத் தப்புவிப்பார் என்று எண்ணி அநேகர் அவரைத் தேடிவந்தார்கள். அந்த நோக்கத்தோடு வந்தவர்களை அவர் எளிதில் சேர்த்துக்கொள்ளவில்லை. இதைக் கடினம் என்று சொல்லத் தோன்றும். வந்தவர்களுடைய துன்பம் பொய்யன்று. நுகத்தின்கீழ் முதுகு முறிந்தவர்கள் எந்த நிழலையும் தேடுவார்கள். அவர்களை யாரும் குற்றப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் தன்னையே அவர்களுடைய நிழலாக ஆக்கிக்கொள்ள ரிங்கல்தௌபே மறுத்தார். தான் போய்விட்டால் அந்த நிழலும் போய்விடும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

அவர் போகவும் செய்தார். பத்து ஆண்டுகளுக்குள் மயிலாடியையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஏழு சபைகள் உண்டாயிருந்தன. 1816-இல் சரீரம் நலிந்து, வேதமாணிக்கத்தின் கையில் சபைகளை ஒப்புவித்துவிட்டு அவர் புறப்பட்டார். சென்னைக்குச் சென்றார், இலங்கைக்குச் சென்றார், அங்கிருந்து கப்பலேறினார். அதற்குப்பின் அவருக்கு என்ன நேரிட்டது என்று இன்றுவரை நிச்சயமாய் ஒன்றும் தெரியாது. கல்லறையும் இல்லை.

இப்போது அந்த ஏழு சபைகளையும் நினைக்கவேண்டும். பாதுகாப்பாக எண்ணப்பட்ட ஒரே ஐரோப்பியர் போய்விட்டார். அடுத்தவர் வருவாரா என்பது தெரியாது. பகைத்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள். முன்னால் நிற்கிறவர் ஊரின் கண்ணுக்கு மிகவும் தாழ்ந்த குலத்தவர். அவருக்கு ரெசிடெண்டிடம் செல்வாக்கு இல்லை, அரண்மனையில் குரல் இல்லை. மனுஷரளவில் பார்த்தால் அந்தச் சபைகள் கலைந்துபோயிருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வேதமாணிக்கமும் அவரோடிருந்த சில உபதேசிமாரும் அவைகளை நடத்தினார்கள். 1818-இன் தொடக்கத்தில் சார்லஸ் மீட் வந்திறங்கினபோது சபை இருந்தது. மயிலாடி ஆலயத்திற்கு இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் ஆகிய இருவருடைய பெயரையும் சேர்த்து வழங்குகிறார்கள். நட்டவரையும், நட்டவர் போனபின் நின்றவரையும் பிரிக்காமல் வைத்தது பொருத்தமே.

அடுத்து நடந்தது வேறு வகையானது. ரெசிடெண்டாயிருந்த கர்னல் மன்றோ கிறிஸ்தவர்களுக்கு மிகுந்த தயவுள்ளவர். நாகர்கோவில் நீதிமன்றத்தில் மீட் அவர்களையே நியாயாதிபதியாக நியமித்தார். மிஷனெரி நியாயாதிபதியுமானார்! செய்தி ஊருக்கு ஊர் பரவியது. அந்தக் குறுகிய காலத்தில் ஏறத்தாழ 3,000 பேர் சபையில் சேர முன்வந்தார்கள். லண்டனிலிருந்த சங்கத்தின் இயக்குநர்கள் இதைக் கேட்டு மகிழவில்லை. சுவிசேஷம் சொல்லுகிறவர் தண்டனை விதிக்கும் நாற்காலியில் அமர்வது தகாது என்று கருதினார்கள். ஏறக்குறைய ஓராண்டில் மீட் அந்தப் பதவியை விட்டார். 1819-இல் மன்றோவும் விடைபெற்றுச் சென்றார். 1827 முதல் 1829 வரை தோள்சீலைக் கலகத்தில் அடியும் தீயும் வந்தன, ஆலயங்கள் எரிக்கப்பட்டன. அப்போது தங்களுக்கு நியாயாதிபதியும் இல்லை, மன்றோவும் இல்லை என்பதை மக்கள் கண்டார்கள். பின்வாங்கிப்போனவர்கள் உண்டு. நின்றவர்களும் உண்டு, ஆச்சரியமாக, நியாயாதிபதியை நம்பி வந்தவர்களிலும் சிலர் அதற்குள் வேறொருவரை அறிந்திருந்தார்கள். எந்த வாசலால் ஒருவன் உள்ளே வந்தான் என்பதைவிட, உள்ளே வந்தபின் அவன் வேர் எங்கே இறங்கிற்று என்பதைக் கர்த்தர் பார்க்கிறார். கலப்பான நோக்கத்தோடு வந்தவர்களைக் குறித்து அவசரமாய்த் தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

மிஷன் பின்பு மேற்கு நோக்கி, நெய்யூரிலிருந்து பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களுக்கும் வந்தது. பாறசாலையில் ஜான் ஆப்ஸ், சாமுவேல் மேட்டீர் முதலானோர் ஊழியம் செய்தார்கள். இந்தப் பகுதியில் அவர்கள் கண்ட மக்களில் பலர் அடிமைகள். வார்த்தையளவில் அல்ல, நிலத்தோடு விற்கப்பட்டவர்கள், அடகு வைக்கப்பட்டவர்கள். மிஷனெரிமார் 1847-இல் மகாராஜாவுக்கு விண்ணப்பம் செய்தார்கள். 1855-இல் அரச விளம்பரத்தினால் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது.

மனுஷனைச் சாராதே என்னும் போதனை அந்த அடிமையின் காதில் எப்படி விழுந்திருக்கும்? அவன் உண்ணும் நெல்லும், படுக்கும் குடிசையும், மனைவியும் பிள்ளைகளும் தன்னோடிருப்பதும் ஒரு மனுஷனுடைய சித்தத்தில் இருந்தன. வயிறு நிறைந்தவனுக்கு இந்த வசனம் ஓர் எச்சரிப்பு. அடிமைக்கோ அது நற்செய்தி. தன்னை அடக்கியாளுகிறவன் கடைசி அதிகாரி அல்ல. அவனுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவர் தன்னைப் பெயர் சொல்லி அறிவார். பயம் என்பதும் ஒருவகைச் சார்பே. மனுஷனிடம் நன்மையை எதிர்பார்த்து அவனை நோக்குவதும், தீமையை எதிர்பார்த்து அவனை நோக்குவதும் ஒரே கண்தான். விடுதலை விளம்பரம் எழுதப்படுவதற்கு முன்னமே, ஓலைக் கூரையின்கீழ் இரவில் கூடி ஜெபிக்கக் கற்றுக்கொண்டவனுடைய கண் எஜமானை விட்டு உயர்ந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் எஜமான்கள் ஜெபக்கூட்டங்களுக்குப் பயந்தார்கள்.

இன்றைக்கு அந்த ஊர்களில் அடிமை இல்லை. ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டுகிறார்கள். பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டில் கலியாணமோ, கடனோ, ஆஸ்பத்திரிச் செலவோ வரும்போது முதலில் நினைவுக்கு வருவது யார்? துபாயிலிருக்கும் மைத்துனர்; வங்கியில் ஜாமீன் நிற்கக்கூடிய அண்ணன்; கட்சிக்காரரை அறிந்த சித்தப்பா. நினைப்பதில் தவறில்லை. அந்த மைத்துனர் தொலைபேசியை எடுக்காத நாளில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. சிலர் வீட்டில் அன்றைக்குக் குடும்ப ஜெபமே நடப்பதில்லை. துக்கத்தினால் அல்ல, இனி ஒன்றும் இல்லை என்ற எண்ணத்தினால். பிற்பாடு மனக்கசப்பு வருகிறது. பத்து வருஷம் உதவினவர் பதினோராம் வருஷம் முடியாது என்றால், பத்து வருஷத்தின் உதவியும் மறந்துபோகிறது. ஒரு மனுஷன்மேல் தேவன் தாங்கவேண்டிய பாரத்தை வைத்துவிட்டு, அவன் அதைத் தாங்கவில்லை என்று அவனைப் பகைக்கிறோம்.

ஆவிக்குரிய காரியங்களிலும் இந்தச் சார்பு நுழைந்துவிட்டது. குறிப்பிட்ட ஊழியர் கை வைத்தால்தான் சுகம், குறிப்பிட்ட அண்ணன் ஜெபித்தால்தான் பதில் என்று வண்டி ஏறி அலைகிறவர்கள் எத்தனை பேர்! பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவன், இயேசு சுகமாக விரும்புகிறாயா என்று கேட்டபோது, ஆம் என்று சொல்லவில்லை. தன்னைத் தூக்கி இறக்கிவிட ஆள் இல்லை என்றான். சுகமளிக்கிறவர் முன்னால் நிற்கிறார். அவனோ தூக்கிவிட ஒரு ஆளைத் தேடுகிறான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை, அவனுக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொடுக்கவுமில்லை.

மிஷனெரிப் பணித்தளங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. மத்திய இந்தியாவின் ஒரு மலைக்கிராமத்தில் புதிதாய் விசுவாசித்த குடும்பங்களுக்கு மிஷனெரிதான் போதகர், மருத்துவ உதவியாளர், மனு எழுதிக் கொடுப்பவர், எல்லாம். அன்பு மிகுந்த மிஷனெரிக்கே இந்தச் சோதனை அதிகம். தான் இல்லாமல் அவர்களால் முடியாது என்று காண்பது இருதயத்துக்கு இனிமையாயிருக்கும். பிறகு இடமாற்றம் வருகிறது, அல்லது வியாதி, அல்லது ஊரைவிட்டுப் போகச்சொல்லும் எதிர்ப்பு. அந்த நாளுக்காக எத்தனை வேதமாணிக்கங்கள் ஆயத்தமாக்கப்பட்டிருக்கிறார்கள்? ரிங்கல்தௌபே பலவீனங்கள் நிறைந்த மனிதர். ஆனாலும் இதை மட்டும் செய்துவிட்டுப் போனார்.

அதைப்போலவே அனுப்புகிற பங்காளர்களின் மாதக் காணிக்கையை நோக்கி மிஷனெரியின் கண்ணும் தங்கிவிடக்கூடும். திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த அருளப்பன் இதை அறிந்தவர். ரேனியஸ் ஐயரிடம் கற்றவர். பின்பு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு பழகினவர். பிரிஸ்டல் நகரில் யாரிடமும் கேளாமல் அநாதைப் பிள்ளைகளைப் போஷித்த ஜார்ஜ் முல்லரின் மைத்துனர்தான் இந்தக் குரோவ்ஸ். மிஷனெரிமாரிடம் நிரந்தரச் சம்பளம் வாங்கி உபதேசியாராயிருக்க அருளப்பனுக்கு வழி இருந்தது. அவர் அதை ஏற்கவில்லை. 1840-இல் கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூரை ஏற்படுத்தி, நிலத்தையும் தேவனையும் நம்பி ஊழியம் செய்தார். குறைவு வந்தது, வந்ததை அவர் மறைக்கவுமில்லை. 1860-இல் அந்தச் சிற்றூரில் தொடங்கின எழுப்புதல் திருநெல்வேலியெங்கும் பரவி, தென் திருவிதாங்கூரையும் எட்டியது. ஒரு வெள்ளைக்காரரும் நடத்தாத அந்த அசைவைக் கண்டு அக்காலத்து மிஷனெரிமாரில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் ஐயங்கொண்டார்கள்.

அப்படியானால் எல்லாரும் சம்பளத்தை உதறவேண்டுமா, உதவி செய்ய வருகிறவரைத் திருப்பி அனுப்பவேண்டுமா? வேதம் இதற்கு ஒரே விதமான உத்தரவைக் கொடுக்கவில்லை. எஸ்றா பாபிலோனிலிருந்து புறப்பட்டபோது ராஜாவிடம் சேவகரையும் குதிரைவீரரையும் கேட்க வெட்கப்பட்டார். எங்கள் தேவன் தம்மைத் தேடுகிறவர்களைக் காப்பார் என்று ராஜாவிடத்தில் சொல்லியிருந்தபடியால், அகாவா ஆற்றங்கரையில் உபவாசம்பண்ணி, பொன்னையும் வெள்ளியையும் சுமந்துகொண்டு, காவலின்றி அந்த நீண்ட வழியைக் கடந்தார். சில ஆண்டுகளுக்குப்பின் அதே ராஜாவாகிய அர்தசஷ்டாவிடமிருந்து நெகேமியா புறப்பட்டார். அவரோடு இராணுவத் தலைவரும் குதிரைவீரரும் சென்றார்கள். அவர் வெட்கப்படவில்லை. ராஜா பேசினபோதே வாய்க்குள்ளே ஜெபம்பண்ணி முடித்திருந்தார் அவர். குதிரைவீரர் பிறகு வந்தவர்கள். ரிங்கல்தௌபேகூட ரெசிடெண்டின் அனுமதியோடுதான் கணவாயைக் கடந்தார் என்பதை மறந்துவிடக்கூடாது. வாங்குகிற கை எவருடையதாயினும், கொடுக்கிறவர் இன்னார் என்று அறிந்து வாங்குகிறவன், அந்தக் கை மூடிக்கொள்ளும் நாளில் மடிந்துபோவதில்லை. நன்றி சொல்லவும் மறப்பதில்லை.

அப்போஸ்தலனாகிய பவுல் ரோமச் சிறையிலிருந்து எழுதின கடைசி நிருபத்தை எடுத்துப் பார்க்கலாம். முதல் விசாரணையில் தம்மோடு நிற்க ஒருவரும் வரவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள் என்று எழுதுகிறார். அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுகிறார். கர்த்தரோ தம்மோடு நின்றார் என்று சாட்சியிடுகிறார். மனுஷர் போனபின் மிஞ்சியிருந்தவரை அவர் அந்த நீதிமன்றத்தில் கண்டார். இப்படி எழுதுகிற அதே அதிகாரத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவர் வீட்டில் வைத்துவிட்டு வந்த மேலங்கியை எடுத்துவரும்படி தீமோத்தேயுவைக் கேட்கிறார்; புஸ்தகங்களையும், முக்கியமாய்த் தோற்சுருள்களையும் கேட்கிறார். கர்த்தர் தம்மோடு நிற்பதால் குளிருக்குக் கம்பளி வேண்டாம் என்று அவர் எண்ணவில்லை. மாற்குவையும் கூட்டிவரச் சொல்லுகிறார். ஒருகாலத்தில் பம்பிலியாவில் தம்மை விட்டுப் போனவன் அந்த மாற்கு. குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேரும்படி தீமோத்தேயுவை மறுபடியும் வேண்டிக்கொண்டு நிருபத்தை முடிக்கிறார். மேலங்கி வந்து சேர்ந்ததா என்று வேதம் சொல்லவில்லை.